அனுப்பிய ஆர்டர் என்னவாயிற்று? இந்தியப் பங்கு வணிகத்தில் மேசைக்கணினியின் முப்பது ஆண்டுகள்

பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி, அல்கோ வணிகம் குறித்து 2012 மார்ச் 30 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. சில பக்கங்களே கொண்ட ஆவணம். விலைச் சோதனை, அளவுச் சோதனை, ஆர்டர் மதிப்புச் சோதனை என வரிசையாகச் செல்லும் அதன் நடுவே, பலரும் மேலோட்டமாகக் கடந்துவிடும் ஒரு விதி உள்ளது. ஒரு தானியங்கி நிரல் அடுத்த ஆர்டரை வெளியிடும் முன், தான் ஏற்கெனவே அனுப்பியவற்றுள் நிறைவேறியவை எவை, நிறைவேறாதவை எவை, உறுதிப்பாடு வராதவை எவை என்ற மூன்றையும் கணக்கில் கொண்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நிரல் ஒரே வட்டத்தில் சுழலத் தொடங்கினாலோ கட்டுமீறி ஓடினாலோ தானே நின்றுவிடுவதற்கான வரம்புகளை முன்கூட்டியே வகுத்திருக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது.

இப்பதிவு அந்த மூன்றாவது வகையைப் பற்றியது. நிறைவேறிய ஆர்டர் கையிருப்பில் தெரியும். நிறைவேறாதது வரிசையில் காத்திருக்கும். அனுப்பப்பட்டு, சேர்ந்ததா இல்லையா என்றே தெரியாமல் இடைவெளியில் நிற்கும் ஆர்டரை என்ன செய்வது? நம்பகமான வணிக மென்பொருள் கட்டும் வேலையின் பெரும்பகுதி இக்கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. இந்தத் தெரியாமையை யார் சுமப்பது என்ற கேள்விக்கு இந்தியச் சந்தை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளது. அந்த வரலாறு நம் பொருளியல் நூல்களிலும் இல்லை, கணினியியல் நூல்களிலும் இல்லை. இரண்டு துறைகளுக்கும் இடையில் விழுந்துவிட்டது. பதிவு நீளமானது, பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

தலால் தெருவின் வளையத்தில் குரலெழுப்பி வணிகம் நடந்த காலத்தில், ஒரு பேரம் முடிந்தது என்பதற்கு இரண்டு சாட்சிகள் இருந்தன. வாங்கியவரின் குறிப்பேடும் விற்றவரின் குறிப்பேடும். பின்னர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொருந்தாதவை தகராறாகும்; தகராறு பேசித் தீர்க்கப்படும். அமைப்பு மெதுவானது, முறைகேட்டுக்கு இடம் தந்தது என்பதில் ஐயமில்லை. 1992ஆம் ஆண்டின் பங்கு ஊழலுக்குப் பிறகு அதைத் தற்காத்துப் பேச எவரும் முன்வரவில்லை. எனினும் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும்: பொருந்தாமை என்பது அங்கே எதிர்பார்க்கப்பட்ட ஒன்று. அதற்கென்று நேரமும் ஆளும் ஒதுக்கப்பட்டிருந்தன.

தேசியப் பங்குச் சந்தை 1992 நவம்பரில் நிறுவனமாகப் பதிவு பெற்று, 1994 நவம்பர் 3 அன்று பங்கு வணிகத்தைத் தொடங்கியது. ஆர்.எச். பாட்டீல் அதன் முதல் நிர்வாக இயக்குநர். மும்பைக் கட்டடம் ஒன்றில் கூடி நிற்கும் தரகர்களுக்குப் பதிலாக, நாடெங்கும் தரகர் அலுவலகங்களில் உள்ள கணினித் திரைகளையே சந்தையாக்குவது என்பது அதன் அடிப்படைத் திட்டம். நீட் என்று பெயரிடப்பட்ட அந்த அமைப்பில் விலைக்கு முதல் முன்னுரிமை, ஒரே விலையென்றால் முந்தி வந்த ஆர்டருக்கு முன்னுரிமை. எதிர்த்தரப்பு யாரென்று தெரியாது. ஏறத்தாழ ஓராண்டில் தேசியப் பங்குச் சந்தை, 1875 முதல் இயங்கிவந்த மும்பைச் சந்தையை வணிக அளவில் முந்தியது. மும்பைச் சந்தையும் 1995இல் போல்ட் என்னும் கணினி அமைப்புக்கு மாறியது.

இந்த வெற்றிக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. நான் சுட்ட விரும்புவது அதன் பொறியியல் சமச்சீரின்மையை. சந்தையின் மையத்தில் வைக்கப்பட்டவை ஸ்ட்ராட்டஸ் நிறுவனத்தின் பழுதுதாங்கும் கணினிகள். அவற்றின் உள்ளே உறுப்புகள் இரட்டையாக இருக்கும். ஒன்று பழுதானால் மற்றொன்று வேலையை இடையறாது தொடரும். மையத்தையும் தரகர்களையும் இணைத்தது செயற்கைக்கோள். தரகர் அலுவலகத்தின் மொட்டைமாடியில் ஒரு வீசாட் தட்டு. கீழே அறையில் ஒரு சாதாரண மேசைக்கணினி. தரையிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குச் சென்று திரும்பும் சமிக்ஞைக்கு ஒரு வழிக்கே கால் நொடி ஆகும். ஆண்டுக்கு இருமுறை, சம இரவுபகல் நாள்களை ஒட்டி, சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும்போது அதன் இரைச்சலில் சமிக்ஞை மூழ்கிப்போகும். அத்தகைய நாள்களில் நண்பகலை ஒட்டி வணிகத்தை நிறுத்திவைத்து, இழந்த நேரத்தைப் பின்னர் ஈடுசெய்யும் வழக்கம் சந்தைக்கு இருந்தது. சூரியனுக்காகக் கதவடைத்த சந்தை என்று மாணவர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

ஆக, நம்பகத்தன்மை மையத்தில் விலைகொடுத்து வாங்கப்பட்டது. விளிம்பில் அதை உறுதிசெய்தவர் முனையத்தின் முன் அமர்ந்திருந்த டீலர். எஃப்1 விசை வாங்குவதற்கு, எஃப்2 விற்பதற்கு. ஆர்டர் போட்டதும் உறுதிச் சீட்டு அச்சாகும். வணிகம் முடிந்ததும் மற்றொரு சீட்டு. சீட்டு வரவில்லையென்றால் அவர் மறுபடி விசையை அழுத்த மாட்டார். முதலில் நிலுவை ஆர்டர்களின் பட்டியலைத் திறந்து பார்ப்பார். இணைப்பு அறுந்தால் தொலைபேசியை எடுப்பார். உறுதிப்பாடு வராத ஆர்டரை எப்படிக் கையாள வேண்டும் என்ற அறிவு எழுதப்படாமல் அவருடைய பழக்கத்தில் குடியிருந்தது. நிரலாளர் ஒருவர் அவருடைய வேலையைப் பார்த்து நிரலாக மாற்றினால், விசை அழுத்துவதை மட்டும் மாற்றுவார். விசை அழுத்தாமல் காத்திருந்ததை மாற்றத் தவறிவிடுவார். பின்னர் நிகழ்ந்ததும் இதுவே.

1990களின் பிற்பகுதியில், தரகர்கள் தங்கள் சொந்த மென்பொருளைச் சந்தையின் கணினியுடன் நேரடியாக இணைக்கும் வசதி வந்தது. கணினிக்குக் கணினி இணைப்பு என்ற பொருளில் அதை சி.டி.சி.எல். என்று சுருக்கமாக அழைத்தனர். ஃபைனான்சியல் டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் ஓடின் என்னும் மென்பொருள் தரகர் அலுவலகங்களில் பரவிற்று. விலைகள் எக்செல் தாளில் நேரடியாக ஓடத் தொடங்கின. 2000 ஜூனில் குறியீட்டு ஃபியூச்சர்ஸ், மறு ஆண்டில் ஆப்ஷன்கள் என்று கருவிகள் பெருகியபோது, ஒரே நேரத்தில் இரண்டு விலைகளைப் பார்த்து இரண்டு ஆர்டர்களை அனுப்ப வேண்டிய தேவை எழுந்தது. பங்கை வாங்கி ஃபியூச்சரை விற்கும் ஆர்பிட்ராஜ் வணிகத்தில் ஒரு கால் நிறைவேறி மற்றொரு கால் நின்றுவிட்டால் கையில் இருப்பது ஆர்பிட்ராஜ் அன்று, வெறும் சூதாட்டம். கைவிரல்களின் வேகம் போதாமற்போன இடம் அது.

2008 ஏப்ரலில் நிறுவன முதலீட்டாளர்களுக்கு நேரடிச் சந்தை அணுகலை செபி அனுமதித்தது. 2010ஐ ஒட்டி, வணிகர்கள் தம் சர்வர்களைச் சந்தையின் தரவு மையத்திலேயே வாடகைக்கு வைக்கும் கோ-லொகேஷன் வசதி வந்தது. பெரிய நிறுவனங்களின் வரலாறு அங்கிருந்து வேறு பாதையில் செல்கிறது. அது பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது, நீதிமன்றங்களும் பேசியுள்ளன. நான் அதைத் தொடரவில்லை.

2011 தீபாவளி முகூர்த்த வணிகத்தின்போது மும்பைச் சந்தையின் வழிப்பொருள் பிரிவில் ஒரு தரகரின் அல்கோ கட்டுமீறி ஆர்டர்களைப் பொழிந்தது. அன்றைய ஃபியூச்சர்ஸ் வணிகங்களைச் சந்தை ரத்துசெய்ய நேர்ந்தது. மங்கலத்துக்காக நடத்தப்படும் ஒருமணி நேர வணிகம் அது! ஐந்து மாதங்களில் வந்த சுற்றறிக்கையைத்தான் தொடக்கத்தில் குறிப்பிட்டேன்.

அந்த விதியின் பொருள் என்ன என்பதை உலகம் அடுத்த சில மாதங்களில் அமெரிக்காவிலிருந்து கற்றது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் நிறுவனம் எட்டு சர்வர்களில் புதிய நிரலை நிறுவ வேண்டியிருந்தது; ஏழில் நிறுவி, ஒன்றை விட்டுவிட்டது. அந்த எட்டாவது சர்வரில் பவர் பெக் என்ற பழைய நிரல் இருந்தது. 2003க்குப் பின் பயன்பாட்டில் இல்லாதது, ஆனால் அழிக்கப்படாதது. அதை இயக்கிய அதே குறியீட்டைப் புதிய நிரலுக்கு மறுபயன்பாடு செய்திருந்தார்கள். சந்தை திறந்ததும் பழையது உயிர்பெற்றது. அதனினும் முக்கியமான ஒன்று உண்டு. எத்தனை பங்குகள் நிறைவேறின என்று எண்ணி, போதுமானபோது நிறுத்தச் சொல்லும் பகுதியை 2005இல் நிரலின் வேறோர் இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதன்பின் பவர் பெக்கைச் சோதித்துப் பார்க்கவில்லை. எனவே அது அனுப்பிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நிறைவேறியது என்று அதற்குத் தெரியவில்லை. வாடிக்கையாளர்களின் 212 ஆர்டர்களை நிறைவேற்றப் புறப்பட்ட அமைப்பு, சுமார் 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 லட்சம் வணிகங்களைச் செய்தது. இழப்பு 46 கோடி டாலருக்கு மேல். சந்தை திறக்குமுன்னரே அமைப்பு 97 எச்சரிக்கை மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது; அவற்றை அவசரச் செய்தியாகக் கருதிப் பார்க்கும் ஏற்பாடு இல்லை. குழப்பத்தின் நடுவே, சரியாக இயங்கிய ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை நீக்கினார்கள். அவற்றிலும் பழையது விழித்துக்கொண்டது.

நமது சுற்றறிக்கை இதற்கு நான்கு மாதங்கள் முந்தியது என்பதைப் பெருமையாகச் சொல்ல இடமில்லை. அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று எம்கே குளோபல் தரகு நிறுவனத்திலிருந்து தவறாக உள்ளிடப்பட்ட 59 ஆர்டர்கள் 650 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வணிகங்களாக மாறின. நிஃப்டி கணப்பொழுதில் ஏறத்தாழ 15 சதவீதம் சரிந்தது. ரொக்கச் சந்தை சுமார் கால் மணிநேரம் நின்றது. அங்கே பிழை செய்தது மனிதக் கை. ஆனால் கைக்கும் சந்தைக்கும் இடையில் இருந்திருக்க வேண்டிய சோதனைகள் அவ்வளவு பெரிய தொகையைத் தடுக்கவில்லை. விதி காகிதத்தில் இருப்பது வேறு, இயங்கும் நிரலின் வழியில் குறுக்கே நிற்பது வேறு.

இந்த விதிகள் யாவும் தரகர்களை நோக்கிப் பேசியவை. ஒவ்வொரு அல்கோவுக்கும் தரகர் வழியாகச் சந்தையின் ஒப்புதல் பெற வேண்டும். வீட்டு அறையில் ஒரு மேசைக்கணினியுடன் அமர்ந்திருந்த தனிநபருக்கு அந்த வழி நடைமுறையில் அடைபட்டிருந்தது. அதனால் அவர்கள் பின்வாசல் வழியாகச் சென்றார்கள். இந்த அத்தியாயமே என் ஆர்வத்துக்குரியது. எந்த ஆவணக் காப்பகத்திலும் இடம்பெறாததும் இதுவே.

அதன் உறுப்புகள் மூன்று. முதலாவது, அமிபுரோக்கர் போன்ற விலைவரைபட மென்பொருள். வாங்கு, விற்பனை செய் என்ற சைகையைத் தரும் சூத்திரத்தை அதில் எழுதலாம். இரண்டாவது, தரகர் தந்த முனைய மென்பொருள்: நெஸ்ட், நவ் போன்றவை. மூன்றாவது, இரண்டுக்கும் இடையே ஒரு பாலம். பிரிட்ஜ் என்றே அனைவரும் அழைத்தார்கள். சூத்திரம் ஓர் உரைக்கோப்பிலோ எக்செல் கட்டத்திலோ சைகையை எழுதும். ஆட்டோஹாட்கீ போன்ற கருவியில் எழுதிய சிறு நிரல் அதைக் கண்டதும் முனையத்தின் சாளரத்தை முன்னுக்கு இழுத்து, எஃப்1 அழுத்தி, அளவைத் தட்டச்சிட்டு, என்டர் விசையைத் தட்டும். கணினி ஒரு டீலராக நடித்தது. சந்தையின் கண்ணுக்கு அது மனிதரின் ஆர்டர்.

அந்த நடிப்பில் ஒரு குறை இருந்தது: கை இருந்தது, கண் இல்லை. பெரும்பாலான பாலங்களால் முனையத்தில் என்ன விடை வந்தது என்று படிக்க இயலவில்லை. மார்ஜின் போதவில்லை என்ற அறிவிப்புப் பெட்டி திடீரெனத் திரையில் தோன்றினால், அடுத்த என்டர் அந்தப் பெட்டிக்குப் போய்ச் சேரும். வாங்கியதாக நிரல் நம்பிக்கொண்டிருக்கும். கையில் ஒன்றும் இராது. பிற்பகலில் வெளியேறும் சைகை வரும்போது இல்லாததை விற்கும். நட்டத்தின் காரணம் உத்தியா, பாலமா என்று பிரித்தறிய அவர்களிடம் பதிவேடு இருந்ததில்லை. தம் உத்தி தோற்றது என்று முடிவுகட்டி விலகியோருள் எத்தனை பேர் உண்மையில் ஓர் அறிவிப்புப் பெட்டியிடம் தோற்றார்கள் என்பது இனி எவராலும் கணக்கிட இயலாத ஒன்று.

மேசைக்கணினிக்கே உரிய தொல்லைகள் தனி. நள்ளிரவில் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் செய்யும். காலையில் நிரல் ஓடிக்கொண்டிருக்காது. ஆளில்லாத கணினி உறக்கத்துக்குச் செல்லும். வைரஸ் தடுப்பு மென்பொருள், விசைகளைத் தானாக அழுத்தும் எதையும் ஐயுறும். அதன் பார்வையில் அது நியாயமே. கணினியின் கடிகாரம் சில நொடிகள் பிசகினால் 9.15க்குத் திறக்கும் சந்தையில் அது பிழையாகும். மின்வெட்டின்போது இன்வெர்ட்டர் கணினியைத் தாங்கும். ஆனால் மோடத்தை அந்த இணைப்பில் செருகியிருக்க மாட்டார்கள். திரை ஒளிர்ந்துகொண்டிருக்கும், விலைகள் உறைந்து நிற்கும். விலை மாறாத அமைதியான சந்தையும் இணைப்பறுந்த சந்தையும் நிரலுக்கு ஒன்றுபோலவே தோன்றும். எனவேதான் ஒழுங்காகக் கட்டிய மென்பொருள் விலை வராத நேரத்தையும் அளக்கிறது.

2010களின் நடுப்பகுதியில் பின்வாசலுக்கு ஒரு முன்வாசல் கிடைத்தது. பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் கைட் கனெக்ட் என்ற பெயரில் தன் ஏ.பி.ஐ.யைத் திறந்தது, ஏனைய தரகர்களும் தொடர்ந்தனர். இனி விசைகளை அழுத்தி நடிக்கத் தேவையில்லை. நிரல் நேரடியாக ஆர்டரை அனுப்பலாம், ஆர்டர் புத்தகத்தைப் படிக்கலாம். கண் கிடைத்துவிட்டது. அனுமதிச் சீட்டாகிய டோக்கன் மட்டும் நாள்தோறும் காலாவதியாகும். மறுநாள் காலையில் ஒரு மனிதர் வந்து உள்நுழைந்து புதிய டோக்கனைப் பெற வேண்டும் என்பது ஏற்பாடு. தானியங்கி என்ற சொல்லுக்கு ஒழுங்குமுறை இட்ட எல்லைக்கோடு அது. அதை எரிச்சலூட்டும் தடையாகக் கருதியோர் பலர். நான் அப்படிக் கருதவில்லை. நாளுக்கு ஒருமுறையேனும் யாரோ ஒருவர் திரையைப் பார்க்கிறார் என்பதற்கான உத்தரவாதம் அதில் இருந்தது.

ஆனால் பழைய கேள்வி புதிய வடிவில் வந்தது. இணையத்தின் வழியே அனுப்பும் கோரிக்கைக்குக் குறித்த நொடிகளுக்குள் விடை வரவில்லையென்றால், போகும் வழியில் கோரிக்கை தொலைந்ததா, வரும் வழியில் விடை தொலைந்ததா? முதலாவதென்றால் மறுபடி அனுப்ப வேண்டும். இரண்டாவதென்றால் அனுப்பக் கூடாது. அனுப்பியவருக்கு இரண்டும் ஒரே மௌனம். கணினியியலில் இதை இரு தளபதிகள் சிக்கல் என்பர். 1978இல் ஜிம் கிரே அதை அப்பெயரால் விளக்கினார். நம்பமுடியாத வழியில் செய்தி அனுப்பும் இருவர் எத்தனை முறை உறுதிப்படுத்தினாலும் முழு உடன்பாட்டுக்கு வர இயலாது என்பது அதன் முடிவு. பெருநிறுவனங்களின் உலகம் இதற்குத் தன்னளவில் ஒரு தீர்வை 1992லேயே அமைத்துக்கொண்டது. ஃபிடிலிட்டி, சாலமன் பிரதர்ஸ் நிறுவனங்களுக்கிடையே பிறந்த ஃபிக்ஸ் நெறிமுறையில் ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் உண்டு; இடையில் எண் விடுபட்டால் மறுபடி கேட்கலாம். மறுபடி அனுப்பும் செய்தியின் மீது, இது முன்னரே வந்திருக்கலாம் என்ற முத்திரையும் இருக்கும். சில்லறை வணிகருக்கான ஏ.பி.ஐ.கள் இணையதளங்களின் மரபில் பிறந்தவை. அந்த வரிசை எண் ஒழுக்கம் அவற்றுக்கு அதே அளவில் கைவரவில்லை.

எனவே அந்த ஒழுக்கத்தை மேசைக்கணினியில் தாமே கட்ட வேண்டியிருந்தது. ஓரளவு ஒருமித்த கைத்தொழில் மரபாக உருவான அதன் உள்ளடக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆர்டரை அனுப்புமுன், அனுப்பப்போகிறேன் என்று வட்டில் எழுதிவிட வேண்டும். அனுப்பிய பின் எழுதினால் இடையில் மின்சாரம் போனால் நினைவும் போய்விடும். ஒவ்வொரு ஆர்டருடனும் நம்முடைய அடையாளக் குறி ஒன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். கைட் கனெக்டில் அதற்கென 20 எழுத்துக் கொள்ளும் ஒரு புலம் உள்ளது. விடை வராவிட்டால் மறுபடி அனுப்பாமல், தரகரின் ஆர்டர் புத்தகத்தில் அந்தக் குறியைத் தேட வேண்டும். பழைய டீலர் நிலுவைப் பட்டியலைத் திறந்து பார்த்ததும் இதே செயல். நிரல் தொடங்கும் ஒவ்வொரு முறையும், தான் முன்பு செத்துப்போயிருக்கலாம் என்ற அனுமானத்துடனேயே தொடங்க வேண்டும்: தன் குறிப்பேட்டையும் தரகரின் கணக்கையும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் தரகரின் கணக்கையே ஏற்று, வணிகம் செய்யாமல் மனிதரை அழைக்க வேண்டும். ஒரே நிரலின் இரண்டு பிரதிகள் ஒரே கணக்கில் ஓடாதபடி பூட்டு வேண்டும். தவறுதலாக இருமுறை சொடுக்கியதால் எல்லா ஆர்டரும் இரட்டித்துப் போவது இத்தொழிலில் பலரும் அறிந்த விபத்து. விழுந்த நிரலைத் தூக்கி நிறுத்தும் காவல் நிரல் தேவைதான். எனினும் ஒப்பிடாமல் தூக்கி நிறுத்தும் காவலாளி ஆபத்தானவர். எண்ணும் பகுதி இல்லாத பவர் பெக்கைச் சிறிய அளவில் அவர் மறுபடி செய்து காட்டுவார்.

இத்தனையும் செய்தவரையும் 2021 சோதித்தது. பிப்ரவரி 24 அன்று முற்பகல் 11.40க்குத் தேசியப் பங்குச் சந்தையே நின்றது. மாலை 3.45க்கு மறுபடி திறந்து 5 மணி வரை நடந்தது. வழக்கமான முடிவு நேரம் 3.30. 3.15க்கு எல்லாவற்றையும் விற்றுவிட்டு வெளியேறு என்று கட்டளையிடப்பட்டிருந்த நிரல்களுக்கு அந்த நேரத்தில் விற்பதற்குச் சந்தையே இல்லை. தரகர்கள் பலர் வாடிக்கையாளர்களின் அன்றாட நிலைகளை மும்பைச் சந்தையில் முடித்து வைத்தனர். பிறகு தேசியச் சந்தை திறந்தது. மையம் விழாது, விளிம்பே விழும் என்ற 1994ஆம் ஆண்டின் அனுமானம் எல்லாருடைய நிரலிலும் எழுதப்படாத வரியாக இருந்தது அன்று தெரிந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று நிஃப்டி 16450 கால் ஆப்ஷன் கணநேரம் 800 ரூபாயைத் தாண்டித் துள்ளி மீண்டது. அதற்கு முன்னும் பின்னும் அதன் விலை நூற்றை ஒட்டியே இருந்தது. நட்டத்தை நிறுத்துவதற்காகச் சந்தை விலையில் இடப்பட்டிருந்த ஸ்டாப்லாஸ் ஆர்டர்கள் இத்தகைய துள்ளலில் சிக்கிக் கொள்ளும். செப்டம்பர் 27 முதல் ஆப்ஷன்களில் அவ்வகை ஆர்டரையே சந்தை நிறுத்திவிட்டது. விலை வரம்புள்ள ஸ்டாப்லாஸ் மட்டும் எஞ்சியது. விலை அந்த வரம்பைத் தாண்டிக் குதித்துவிட்டால் அது நிறைவேறாமலே நிற்கும். பாதுகாப்பை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அதுவரை தெளிவான விடை இருந்தது: நிரலின் நினைவில் வைக்காதே, சந்தையிலேயே ஆர்டராக இட்டு வை, கணினி செத்தாலும் அது உயிரோடிருக்கும். இப்போது அந்த விடையிலும் ஓட்டை விழுந்தது. நிரல் விழித்திருந்து கவனிக்க வேண்டிய கட்டாயம் திரும்பி வந்தது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். இவ்வளவு நம்பகமாக ஓடும் நிரலால் இலாபம் வருமா? வராது. நம்பகமான நிரல் நட்டமடையும் உத்தியையும் ஒரு நாள் தவறாமல் நிறைவேற்றும். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களுள் 93 சதவீதத்தினர் இழந்தனர். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதே ஆய்வு, 2023–24இல் சொந்தக் கணக்கு வணிக நிறுவனங்கள் ஈட்டிய சுமார் 33,000 கோடி ரூபாய் மொத்த இலாபத்தில் 96 சதவீதம் அல்கோ வழி வந்தது என்கிறது. இவ்விரு எண்களை அடுத்தடுத்து வைத்து, அல்கோ இருந்தால் வெல்லலாம் என்று விளம்பரம் செய்தோர் உண்டு. எண்கள் அதைச் சொல்லவில்லை. பழுதுதாங்கும் அமைப்புக்கும் தரவு மைய இடத்துக்கும் பணம் கொடுக்கக்கூடியவர் ஒரு பக்கம். இன்வெர்ட்டரில் மோடத்தைச் செருக மறந்தவர் மறுபக்கம். சந்தை இருவருக்கும் ஒரே விலையைத்தான் காட்டியது. விடை வராத ஆர்டரின் சுமையை மட்டும் இருவரும் சமமாகச் சுமக்கவில்லை.

2025 பிப்ரவரி 4 அன்று சில்லறை முதலீட்டாளரின் அல்கோ வணிகத்துக்கென்றே செபி தனிச் சுற்றறிக்கை வெளியிட்டது. ஏ.பி.ஐ. வழி வரும் ஆர்டர்கள் அடையாளமிடப்படும். நொடிக்கு இத்தனை ஆர்டர் என்ற வரம்பைத் தாண்டினால் அல்கோவைச் சந்தையில் பதிவு செய்ய வேண்டும். சந்தைகள் அந்த வரம்பைப் பத்து என்று வகுத்தன. பொறுப்பு தரகர் மீது. இவற்றோடு, ஆர்டர் வரும் கணினிக்கு நிலையான ஐ.பி. முகவரி இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. தொழில்நுட்பச் சிறுகுறிப்புப் போல் தோன்றும் இதுதான் மேசைக்கணினியின் கதையைத் திருப்புகிறது. வீட்டு இணைய இணைப்பின் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். நிலையானதைத் தனிக் கட்டணம் கொடுத்துப் பெற வேண்டும். அதைவிட எளிது, தரவு மையத்தில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுப்பது. நிரல்கள் அறையை விட்டுக் கிளம்புகின்றன. மேசையில் மிஞ்சுவது, எங்கோ ஓடும் ஒன்றைப் பார்த்திருக்கும் சாளரம். யார் அனுப்பினார்கள் என்று அறிய வேண்டிய தேவை ஒழுங்குமுறையாளருக்கு உண்மையிலேயே இருந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் பாலம் கட்டியவர்களின் பத்தாண்டு அனுபவத்தை இந்த விதிகள் எவ்வளவு கேட்டறிந்தன என்ற ஐயமும் எனக்கு உண்டு.

இந்த வரலாற்றை எழுதுவதில் எனக்குள்ள இடர்ப்பாடு சான்றாதாரம். செபியின் சுற்றறிக்கைகள் கிடைக்கின்றன. அமெரிக்க ஆணையத்தின் நைட் கேப்பிட்டல் தீர்ப்பும் பொதுவெளியில் உள்ளது. அமிபுரோக்கருக்கும் நெஸ்டுக்கும் இடையில் ஓடிய பாலங்கள் மட்டும் எங்கும் இல்லை. அவை தனிநபர்களின் பழைய வன்தட்டுகளில், மறந்துபோன எக்செல் கோப்புகளில், ஆட்டோஹாட்கீ உரைகளில் கிடக்கின்றன. இதை வாசிக்கும் மாணவர்களின் தந்தையரோ மாமன்மாரோ அக்காலத்தில் இவ்வகை நிரல்களை ஓட்டியிருந்தால், கணினியை எடைக்குப் போடுமுன் அந்தக் கோப்புகளைப் பிரதி எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர் எண்ணையும் கடவுச்சொற்களையும் நீக்கிவிட்டு எனக்கு அனுப்பினால் நன்றியுடையவனாவேன். நிரலைவிட அதன் பதிவுக் கோப்பு எனக்கு முக்கியம்: எந்த நொடியில் எதை அனுப்பியது, என்ன விடை வந்தது, எந்த வரிக்குப் பின் ஒன்றும் எழுதப்படவில்லை என்பது.